கடலுக்குச் செய்த பெட்டியில் ஒரு மேசை

பழைய சரக்குக் கன்டெய்னர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் கதவில் அறைந்திருக்கும் உலோகத் தகட்டை. குறைந்தது 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட அந்தத் தகடு இல்லாத பெட்டி பன்னாட்டுக் கப்பலில் ஏற முடியாது. 1972ஆம் ஆண்டின் கன்டெய்னர் பாதுகாப்பு ஒப்பந்தம் விதித்த நிபந்தனை அது. பெட்டி பிறந்த மாதமும் ஆண்டும், சரக்கோடு சேர்த்து எவ்வளவு எடை தாங்கும், தலைமேல் எவ்வளவு அடுக்கலாம் என்பதெல்லாம் அதில் பொறித்திருக்கும். அடுக்கும் எடை என்ற இடத்தில் பல பெட்டிகளில் 1,92,000 கிலோ என்று இருப்பதைக் காணலாம். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது எடை 1.8 மடங்காகும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண். கணக்கிட்டால் ஒவ்வொரு மூலைத்தூணும் 86 டன்னைத் தாங்குகிறது.

இதே பெட்டியின் கூரைக்குப் பன்னாட்டுத் தரவிதி வைக்கும் சோதனை வேறு. 60 செ.மீ.க்கு 30 செ.மீ. பரப்பில் 300 கிலோவை வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு ஆட்கள் நெருக்கமாக நின்று வேலை பார்ப்பதற்கான பலம், அவ்வளவுதான். தலைமேல் 192 டன் அடுக்கலாம் என்ற பெட்டியின் கூரையில் ஒரு லாரி மண்ணைக் கொட்டித் தோட்டம் போட முடியாது. பெட்டியின் பலமெல்லாம் எட்டு மூலைகளில் குவிந்திருக்கிறது. மேலே வரும் பெட்டி கீழே உள்ளதன் கூரையைத் தொடுவதேயில்லை. மூலை வார்ப்பு மூலை வார்ப்பின்மேல் உட்காருகிறது.

அந்த மூலைகள்தான் கடல் வணிகத்தையே மாற்றின. 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ஏற்பாடு செய்தவர் மால்கம் மெக்லீன், லாரித் தொழிலில் வளர்ந்தவர். அவரிடம் இருந்த பொறியாளர் கீத் டான்ட்லிங்கர், துளையுள்ள மூலை வார்ப்பையும் அதில் நுழைந்து திரும்பிப் பூட்டிக்கொள்ளும் கொண்டியையும் வடிவமைத்தார். பெட்டிக்குள் மனிதர் குடியிருக்கும் யோசனை முறையான வடிவம் பெற முப்பது ஆண்டுகள் ஆயின. 1987இல் ஃபிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர், கன்டெய்னர்களை வாழத்தக்க கட்டடமாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1989இல் அது அவருக்குக் கிடைத்தது.

இன்று சென்னையில் மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கம் போனால் கன்டெய்னர் யார்டுகள் வரிசையாக இருக்கின்றன. கடலோட்டம் முடிந்த இருபதடிப் பெட்டிகள் அங்கே விற்பனைக்கு வருகின்றன. பத்தடிப் பெட்டிகளும் உண்டு. பல நேரம் அவை இருபதடியை வெட்டிக் குறுக்கியவை. வீட்டின் கொல்லைப்புறத்தில் படிக்கவோ எழுதவோ வரையவோ தையல் வேலை செய்யவோ ஓர் அறை வேண்டுமென்பவருக்கு இருபதடி சரியான அளவு. உள்ளே 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம். ஏறத்தாழ 150 சதுர அடி. வெறும் பெட்டியின் எடை 2,300 கிலோ அளவில் இருக்கும். ஆசைப்படுவதற்கு முன் தெருவை அளந்துவிட வேண்டும். டிரெய்லர் திரும்ப இடமிருக்கிறதா, கிரேன் கையை நீட்டும் இடத்தில் மின்கம்பி குறுக்கே போகிறதா என்பதில்தான் பல திட்டங்கள் தொடங்கும் முன்பே நின்றுபோகின்றன.

பெட்டி வந்து இறங்கியதும் எல்லாரும் வெல்டரைக் கூப்பிடுகிறார்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டு வெட்டத் தொடங்குகிறார்கள். என் கருத்தில், யோசிக்கும் வரிசையில் வெட்டும் வேலை கடைசிக்குச் சற்று முன்னால் வர வேண்டியது. இந்தப் பெட்டி உப்புக்காற்றுக்கும் அலைக்கும் கிரேனுக்கும் கணக்கிட்டுச் செய்தது. எட்டு மணிநேரம் உட்கார்ந்து மூச்சுவிடும் ஓர் உயிருக்காக அதில் ஒரு கணக்கும் போடவில்லை. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும். அதில் முதலிடம் வெயிலுக்கு, அடுத்து ஈரத்துக்கு.

ஆனாலும் வெட்டுவதைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். பக்கச் சுவரின் தகடு 1.6 மி.மீ.தான். நேரான தாளை நிமிர்த்தி வைத்தால் சரிந்துவிடும், விசிறிபோல் மடித்து வைத்தால் நிற்கும் என்பதைப்போல, சுவரில் 36 மி.மீ. ஆழத்துக்கு வரும் மடிப்புகள் அதே தகட்டின் விறைப்பை நூற்றுக்கணக்கான மடங்கு கூட்டுகின்றன. மேலே ஓடும் சட்டம், கீழே ஓடும் சட்டம், நடுவில் இந்த மடிப்புச் சுவர் மூன்றும் சேர்ந்து எட்டரை அடி உயரமுள்ள ஒரே உத்தரமாக வேலை செய்கின்றன. சுவரில் பெரிய திறப்பை வெட்டியெடுத்தால் உத்தரத்தின் நடு உடல் போய்விடுகிறது. மேலே மிஞ்சுவது 60 மி.மீ. சதுரக் குழாய் மட்டும். அது தொய்யும், கதவு சிக்கும். ஆகவே கனமான பாக்ஸ் பைப்பில் சட்டம் செய்து, தரைச் சட்டத்திலிருந்து கூரைச் சட்டம் வரை முதலில் பற்றவைத்துவிட்டு, அதன் பிறகுதான் உள்ளே இருக்கும் தகட்டை வெட்ட வேண்டும். இன்னொன்று: கன்டெய்னரின் சொந்தக் கதவுகளை வெளியிலிருந்துதான் பூட்டவும் திறக்கவும் முடியும். உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது தெரியாமல் கொண்டியைப் போட்டால் அவ்வளவுதான். உள்ளிருந்து திறக்கும் தனிக்கதவு ஒன்றும், ஆள் நுழையும் அளவுக்கு ஜன்னல் ஒன்றும் இல்லாத கன்டெய்னரில் யாரும் வேலை பார்க்கக் கூடாது.

இனி வெயில். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டர் கிடைப்பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. பெட்டியின் கூரை 14.8 சதுர மீட்டர். அதாவது பெரிய மின்சார அடுப்புகள் ஏழெட்டை ஒரே சமயத்தில் எரியவிட்ட அளவு வெப்பம் கூரைமேல் மட்டும் வந்து சேர்கிறது. கன்டெய்னர்கள் பெரும்பாலும் அடர்சிவப்பு, நீலம், பழுப்பு நிறங்களில் வருகின்றன. அவை விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மே மாதத்து 37 டிகிரிக் காற்றில் அப்படியொரு கூரைத் தகடு 70 டிகிரியைத் தொடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றைய கணக்கைப் போடவே தோன்றவில்லை.

தகடு சுடுவது ஒரு பக்கம். அந்தச் சூட்டைத் தடுக்க இரும்பிடம் எதுவுமே இல்லை என்பதுதான் பெரிய சங்கடம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். நண்பகலில் வெளிப்புறம் ஏறிய சூடு உட்புறம் வந்து சேர ஆறேழு மணிநேரம் ஆகும். அதனால்தான் நம் வீடுகளில் இரவு பத்து மணிக்கும் சுவர் கதகதப்பாக இருக்கிறது. இதே பரப்பைச் செங்கல்லில் கட்டினால் சுவரின் எடை 19 டன் அளவுக்கு வரும். கன்டெய்னர் மொத்தமே 2.3 டன். ஒரு டிகிரி ஏற்றுவதற்குச் செங்கல் அறை கேட்கும் வெப்பத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூடக் கன்டெய்னர் கேட்பதில்லை. சூரியன் மேகத்துக்குள் போனால் தகடு உடனே ஆறுகிறது. வெளியே வந்தால் உடனே கொதிக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் உட்கார்ந்து எழுதுபவருக்கு இது நன்மை. கான்கிரீட் வீடு இன்னும் அனலைக் கக்கும் நேரத்தில் கன்டெய்னர் குளிர்ந்திருக்கும். பகலில் வேலை பார்ப்பவருக்கு, ஒன்றும் செய்யாமல் விட்ட பெட்டி ஒரு தண்டனை.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது ஒரு ஏ.சி. மாட்டுவது. வெறும் பெட்டியில், மே மாத நண்பகலில், கூரை வழியாக மூன்று கிலோவாட்டுக்கு மேலும், சுவர்கள் வழியாக ஏறத்தாழ அதே அளவும் உள்ளே வருகிறது என்பது என் கணக்கு. மொத்தம் ஏழு கிலோவாட் அளவு. அதை வெளியேற்ற இரண்டு டன் ஏ.சி. நிற்காமல் ஓட வேண்டும். 150 சதுர அடிக்கு இரண்டு டன்! வரிசையை மாற்றினால் எண்ணும் மாறுகிறது. முதலில் நிழல், பிறகு நிறம், அதன்பிறகு வெப்பத்தடுப்பு, எல்லாம் முடிந்தபின் ஏ.சி.

நிழல் முதலில் வருவதற்குக் காரணம், அது வெப்பத்தைப் பெட்டியைத் தொடும் முன்பே நிறுத்துகிறது. நம் ஊர்களில் கோடை தொடங்கும்போது மொட்டைமாடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போடும் பழக்கம் இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதன் அறிவியல் மிகச் சரியானது. கீற்று வெயிலை வாங்கிக்கொள்கிறது, இடுக்குகள் வழியே காற்று ஓடுகிறது, கீழே உள்ள தளம் சூரியனைப் பார்ப்பதேயில்லை. கன்டெய்னருக்கும் அதுவே வேண்டும். கூரைக்கு ஓரடி உயரத்தில், நான்கு பக்கமும் இரண்டடியாவது நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் கூரை ஒன்று. கால்வால்யூம் ஷீட் போட்டால் அடிப்புறம் பூச்சில்லாமல் பளபளப்பாக இருக்கட்டும். பளபளப்பான உலோகம் சூட்டைக் கீழ்நோக்கிக் குறைவாகவே வீசும். கீற்று இன்னும் இதமானது, ஆனால் தீப்பொறிக்கு அஞ்ச வேண்டியது. பற்றவைப்பு வேலைகள் முழுதும் முடியும்வரை அதைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. இரண்டாம் கூரை இருந்தால் ஐப்பசி மழை தகட்டில் நேரடியாக அறையாது, பேச்சுக் குரல் கேட்கும். கூரைப் பள்ளங்களில் நீர் தேங்கித் துருவேறுவதும் நிற்கும்.

பெட்டியைக் கிழக்கு மேற்காகப் படுக்கவைக்க முடிந்தால் பாதி வேலை காசில்லாமல் முடிகிறது. மாலை வெயில் சாய்வாக வந்து மேற்குச் சுவரில் நேராக அடிக்கும்; குறுகிய முகம் மேற்கே இருந்தால் அடிபடுவது 6.3 சதுர மீட்டர், நீள முகம் இருந்தால் 15.7. ஜூன் மாதத்தில் சென்னை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே பத்து டிகிரி சாய்ந்திருக்கும் என்பதால் வடசுவருக்கும் நிழல் நீட்சி தேவை. இது பலருக்கும் புதிய செய்தி. மேற்கே ஒரு புங்கமரம் நின்றால் நல்லது. இலைகள் கூரையில் மக்கிப் படியாமல் பெருக்கிவிட வேண்டும், ஈர இலைக்கு அடியில்தான் துரு வேகமாகப் பரவுகிறது.

நிழலுக்குப் பிறகு வெள்ளைப் பூச்சு. அடர்நிறம் உறிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நல்ல வெண்பூச்சு உறிஞ்சும். அதன்பின் வெப்பத்தடுப்பு. இரும்பைவிடப் பாலியூரிதீன் நுரை ஏறத்தாழ 2,000 மடங்கு மெதுவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஐந்து செ.மீ. நுரை, சுவர்வழி வரும் வெப்பத்தைப் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறக்கிவிடும். இரண்டு பக்கமும் நுரையும் பலகையும் போக, உள் அகலத்தில் அரையடிக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. இந்த இழப்பைப் பார்த்துத் தயங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். தயங்க வேண்டாம் என்பேன். ஏழே முக்காலடி அகலத்தில் வியர்த்துக்கொண்டிருப்பதைவிட ஏழேகாலடியில் வேலை ஓடும். நிழல், வெண்மை, நுரை மூன்றும் அமைந்தபின் அதே மே மாத நண்பகலில், ஒருவர், ஒரு கணினி, நிழலிட்ட ஜன்னல் எல்லாம் சேர்த்து வெளியேற்ற வேண்டியது ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட். ஒரு டன் ஏ.சி. அடிக்கடி ஓய்வெடுத்தபடி ஓடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்பலகையை மாட்டும் இரும்புச் சட்டம் சுவர்த் தகட்டை நேரடியாகத் தொட்டால், நுரை தடுத்த வெப்பம் அந்தச் சட்டம் வழியாக நுழைந்துவிடும். இடையில் ரப்பர்ப் பட்டையோ மரப்பட்டையோ வைத்துப் பிரிக்க வேண்டும்.

ஈரத்தின் கதை இதைவிட நுட்பமானது, கன்டெய்னர் அறைகள் பெரும்பாலும் கெட்டுப்போவதும் இதில்தான். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவியைச் சுமக்கும். குளிர்ந்த பரப்பைத் தொட்டால் சுமக்க முடியாததை அங்கே இறக்கிவைக்கும். நீர் இறங்கத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிப்புள்ளி. குளிர்நாட்டில் உள்ளே ஹீட்டரும் மூச்சும் சேர்ந்து காற்றை ஈரமாக்குகின்றன, வெளியே உறைபனி. உள் ஈரம் நுரையைத் தாண்டிக் குளிர்ந்த தகட்டைத் தொட்டு நீராகிறது. ஆகவே அங்கே வெப்பத்தடுப்புக்கு உட்புறம் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நீராவியை மறிக்கிறார்கள். அந்நாட்டுக் கையேடுகளும் காணொளிகளும் இதையே சொல்கின்றன. அதை அப்படியே சென்னையில் செய்வது தவறு.

சென்னையில் மே மாதத்தில் பனிப்புள்ளி 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரு கனமீட்டர் வெளிக்காற்றில் 23 கிராம் நீர், ஏ.சி. ஓடும் அறைக்குள் அதில் பாதி. நீராவி எப்போதும் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கம் நோக்கி நகரும். இங்கே அது வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. அந்த வழியில் முதலில் நிற்பது இரும்புத் தகடு, நீராவி ஓர் அணுவளவும் ஊடுருவ முடியாத சுவர். அது சூடாகவும் இருக்கிறது, எனவே அதன்மேல் நீர் படிவதில்லை. நீராவித் தடுப்பு எப்போதும் சூடான, ஈரமான பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது கட்டட இயற்பியலின் அடிப்படை விதி. ஏ.சி. போட்ட கடலோரத் தமிழ்நாட்டு அறைக்குக் கன்டெய்னரின் வெளித்தோல் பிறவியிலேயே சரியான இடத்தில் அமைந்துவிட்ட நீராவித் தடுப்பு. நுரையைத் தகட்டின் உட்புறம் ஒட்டினால் போதும்.

அழகுக்காக நுரையை வெளிப்புறம் வைத்து மேலே மரப்பலகை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஏ.சி. ஓடும்போது நுரைக்குப் பின்னால் தகடு 24 டிகிரிக்குக் குளிர்கிறது. மூட்டுகள் வழியே நுழைந்த ஈரக்காற்று அதைத் தொட்டு, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் நீராகிறது. இரண்டே மழைக்காலத்தில் துரு உள்ளே வேலையைத் தொடங்கிவிடும். அதே அமைப்பு ஊட்டியில் மிகச் சரி. அங்கே குளிர்கால இரவுகளில் வெளியே உறைநிலையை நெருங்கும், உள்ளே ஹீட்டர் எரியும். நுரை வெளியே இருந்தால் தகடு கதகதப்பாக உட்புறம் நின்று உள் ஈரத்தை மறிக்கும். சென்னைக்கும் ஊட்டிக்கும் இடையே ஒரே பெட்டியின் சுவரை உள்வெளியாகப் புரட்டிப்போட வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

சென்னையிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் கூரைத் தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி, சுற்றியுள்ள காற்றைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்துவிடும். அன்றைய பனிப்புள்ளி 19 டிகிரி, தகடு 18. மூடிக்கிடந்த பெட்டிக்குள் கூரையின் அடிப்புறம் முத்துமுத்தாக வியர்த்துச் சொட்டும். கப்பல்காரர்கள் கன்டெய்னர் மழை என்று அஞ்சுவது இதைத்தான். காப்பிக்கொட்டை மூட்டைகளும் அட்டைப்பெட்டிகளும் நனைந்து பூஞ்சை பிடித்துப்போகும். இதற்கு மருந்து, உள்காற்று தகட்டைத் தொடவே முடியாதபடி செய்வது. மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரையைத் தகட்டோடு ஒட்டித் தெளித்தால் மடிப்புகளின் பள்ளமும் நிரம்பிவிடும். கண்ணாடிக் கம்பளி போட்டால் அதன் வழியே காற்று ஊடுருவித் தகட்டைத் தொடும், கம்பளி நனையும், நனைந்த கம்பளி வெப்பத்தைத் தடுக்காது. உள்சுவருக்கு வினைல் தாள் ஒட்டுவதையும் தவிர்க்கலாம். வெளியே இரும்பு, உள்ளே பிளாஸ்டிக் என்று இரண்டு பக்கமும் மூடிவிட்டால் தப்பித்தவறி நுழைந்த ஈரம் எந்தப் பக்கமும் காய வழியில்லை. நுரைக்கு ஒரு குறையும் உண்டு: எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். அதை வெற்றாக விடாமல் சிமென்ட் பலகையோ ஜிப்சம் பலகையோ கொண்டு மூடியே தீர வேண்டும். மின்கம்பிகள் குழாய்க்குள்தான் ஓட வேண்டும்.

தரையைப் பற்றிப் பேசாமல் பலர் கடந்துவிடுகிறார்கள். கன்டெய்னரின் தரை 28 மி.மீ. தடித்த பிளைவுட், பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியக் காட்டு மரங்களிலிருந்து வந்தது. மரத்தோடு பூச்சிகளும் நாடுவிட்டு நாடு போய்விடும் என்று ஆஸ்திரேலியத் தனிமைப்படுத்தல் விதிகள் கண்டிப்பாக இருந்ததால், பலகைக்குள்ளேயே பூச்சிமருந்து ஏற்றும் வழக்கம் வந்தது. கதவுத் தகட்டில் ஐ.எம். என்ற எழுத்துகளும், அடுத்து ரேடலியம், பேசிலியம் போன்ற ஒரு பெயரும், ஆண்டும் இருந்தால் அந்த மருந்து தரையில் இருக்கிறது என்று பொருள். அதோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் தரைமேல் என்னென்ன சரக்கு சிந்தியது என்று யாருக்கும் தெரியாது. சரக்குக்கு இதனால் கேடில்லை. வெறுங்காலோடு நாள் முழுதும் இருக்கும் மனிதருக்கும், தரையில் தவழும் குழந்தைக்கும் கணக்கு வேறு. பலகையை மாற்றிவிடுவது சிறந்தது. முடியாவிட்டால் தேய்க்காமல், தூசி கிளப்பாமல், நன்றாகத் துடைத்துக் காயவைத்து எப்பாக்சி பூசி முழுவதுமாக அடைத்துவிட்டு அதன்மேல் புதிய தரை போட வேண்டும். பழைய வண்ணம் பூசிய தகட்டை வெட்டும்போதும் பற்றவைக்கும்போதும் எழும் புகையில் துத்தநாக ஆவி உண்டு. வெல்டரின் மூக்குக்கு நல்ல முகமூடி வாங்கித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

காற்றுக்கு வருவோம். நல்ல கன்டெய்னர், கதவு ரப்பர் தேயாமல் இருந்தால், ஏறக்குறைய காற்றுப்புகாதது. மேலே பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் அழுத்தத்தைச் சமன்செய்யத்தான். மூச்சுக்கு அவை போதாது. உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்கு 18 லிட்டர் அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார். பலகைகள் அடித்தபின் அறையின் கொள்ளளவு 29 கனமீட்டர். ஒரு மணிநேரத்தில் பத்து லட்சத்தில் 600 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றின் 420இல் தொடங்கினால் முதல் மணி முடியும்போதே 1,000ஐத் தாண்டுகிறது, மூன்று மணியில் 2,000ஐயும். மதியம் தலை கனக்கிறது, கண் செருகுகிறது என்பவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் காரணம் அறையின் காற்றுதான். ஸ்ப்ளிட் ஏ.சி. உள்காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றை அது கொண்டுவருவதில்லை. ஒருவருக்கு மணிக்கு 30 கனமீட்டர் புதுக்காற்று போதும். நான்கு அங்குல எக்ஸாஸ்ட் விசிறியை மெதுவாக ஓடவிட்டு, எதிர்மூலையில் தாழ்வாக ஒரு நுழைவு வைத்தால் வேலை முடிந்தது. கூரை தாழ்வு என்பதால் சீலிங் ஃபேன் வேண்டாம், சுவர் விசிறி.

மின்சாரத்தில் சமரசமே கூடாது. செங்கல் அறையில் ஒரு கம்பி உரிந்தால் ஒரு சுவிட்ச் பெட்டி ஷாக் அடிக்கும். இரும்பு அறையில் சுவர், கூரை, கதவு, கைப்பிடி அனைத்துமே உயிர்ப்புள்ளவை ஆகிவிடும். பெட்டியின் உடலைத் தனி எர்த் குழியோடு இணைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. போட வேண்டும். இதே இரும்பு உடல் மின்னல் நேரத்தில் காப்பாகவும் ஆகிறது, மின்னோட்டம் வெளித்தோலிலேயே ஓடி மண்ணுக்கு இறங்குவதால். செல்போன் அலைகளையும் அது அவ்வாறே வெளியே நிறுத்தும். ஒரு மீட்டர் ஜன்னல் வைத்தால் முப்பது செ.மீ. அலைநீளமுள்ள அலைகள் தாராளமாக உள்ளே வரும். இணையத்துக்கு வீட்டிலிருந்து கேபிள் இழுத்துவிடுவதே நிம்மதி.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லித்தான் கன்டெய்னரை விற்கிறார்கள். கடலில் இனி ஓட முடியாது என்று கழித்த பெட்டியானால் அதில் நியாயம் உண்டு. சீனாவில் செய்து ஒரே ஒரு பயணம் வந்த புத்தம்புதுப் பெட்டியை வாங்கி நிறுத்துபவர், இரண்டேகால் டன் எஃகைக் கடலிலிருந்து எடுத்துத் தோட்டத்தில் வைக்கிறார்; அதற்குப் பதில் இன்னொன்று செய்யப்படும். பள்ளமும் கீறலும் உள்ள பழையதை வாங்குங்கள். துருவைப் பொறுத்தவரை கன்டெய்னரின் எஃகு சற்றுத் தேர்ந்தது: செம்பு, குரோமியம் சேர்ந்த அந்தக் கலவையில் முதலில் வரும் துரு இறுகிப்போய் அடுத்த துருவைத் தடுக்கும். ஆனால் நனைந்து காய்ந்தால்தான் அது இறுகும். உப்புக்காற்றிலும் தேங்கிய நீரிலும் இறுகாது. கடற்கரையில் இருப்பவர் வெட்டிய ஓரங்கள் அனைத்துக்கும் அன்றன்றே துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும்.

கடைசியாக, பெட்டி எதன்மேல் நிற்கிறது என்பது. மண்ணில் நேரடியாக வைக்கக் கூடாது. நான்கு மூலை வார்ப்புகளுக்கு அடியில் நான்கு கான்கிரீட் தூண்கள், ஒரே மட்டத்தில், தரையிலிருந்து குறைந்தது ஒன்றரையடி. மட்டம் தவறினால் பெட்டி முறுக்கிக்கொண்டு கதவு மூடாது. இத்தனை கனமான இரும்பை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று பலரும் அதைச் சும்மா தூண்மேல் உட்காரவைத்துவிடுகிறார்கள். இந்தியத் தரவிதி சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்று நீளச் சுவரில் நேராக அடித்தால் மூன்று டன் விசைக்கு மேல் தள்ளும். சாமான்களோடு மூன்றரை டன் எடையுள்ள பெட்டி தூணில் வழுக்கி நகர அதில் பாதி விசையே போதும். கவிழ்க்கும் திருப்புதிறனும் தாங்கும் திருப்புதிறனும் ஏறத்தாழ சமமாகிவிடுகின்றன. வெறும் பெட்டியானால் கவிழ்வது நிச்சயம். மேலே நாம் போட்ட நிழற்கூரையும் சேர்ந்து இழுக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் நுழைந்து மரங்களைப் பெயர்த்துப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றாது.

வெள்ளம் இன்னும் விசித்திரமான ஆபத்து. பெட்டியின் அடிப்பரப்பு 14.8 சதுர மீட்டர். மூன்றரை டன்னைச் சமன்செய்ய 24 செ.மீ. நீரே போதும். தரைப்பலகைக்குமேல் முழங்காலுக்குக் கீழே நீர் ஏறியதும், கசிந்து உள்ளே நிரம்பாத பெட்டி மிதக்கத் தொடங்கும். நன்றாக அடைத்து, நுரை தெளித்து, தரையை எப்பாக்சியால் மூடியவருக்கு இந்த ஆபத்து அதிகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் அதைவிட உயர நீர் நின்ற தெருக்கள் சென்னையில் ஏராளம்.

இரண்டுக்கும் விடை ஒன்றே, கப்பல் தளத்தில் பெட்டியைப் பிடித்துவைக்கும் அதே முறை. தூணுக்கான குழி தோண்டும்போதே கம்பிக்கட்டில் எஃகுத் தகட்டைப் பதித்து, அதில் கப்பல் கொண்டியைப் பற்றவைத்து, பெட்டியின் அடி மூலைத் துளைகளில் அது நுழைந்து பூட்டும்படி இறக்கச் சொல்லுங்கள். பழைய கொண்டிகள் யார்டிலேயே கிடைக்கும். கிரேன் வருவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே கான்கிரீட் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும், தூண்களுக்கு இடையேயான குறுக்களவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்துவிட்டு.